சிறு மீன்களும் காக்கப்பட வேண்டும்

கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களிடம் பேசினால், கால்வாயில் மீன் பிடித்த கதை ஒன்றாவது கிடைக்கும். மழைக்காலத்தில் நீர் பெருகியதும் பிள்ளைகள் தூண்டிலும் கூடையுமாகப் புறப்பட்டுவிடுவார்கள். விராலும் கெளுத்தியும் பனையேறியும் குழம்புக்கு வந்து சேரும். சண்டைமீன்கள் கண்ணாடிப் புட்டிகளில் வளரும். அவற்றோடு சேர்ந்து சிக்கும் விரல் நீளச் சிறு மீன்களை மட்டும் யாரும் பொருட்படுத்தியதில்லை. குழம்புக்கும் உதவாது, விற்றாலும் காசு தேறாது என்று அவை மீண்டும் நீரிலேயே விடப்பட்டன. அத்தகைய சிறு மீன்களுள் ஒன்று, சிலாங்கூர் மாநிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழவில்லை. இதனை அந்த வட்டாரத்து மக்களிலேயே பலர் இன்றும் அறியார்.

சந்தையில் பெறும் விலையைக் கொண்டு ஒரு மீனின் மதிப்பை அளப்பது தவறாகும். விலை இல்லாத மீனும் ஓர் ஓடையின் உடல்நிலையைக் காட்டும் அளவுகோலாக விளங்குகிறது. அந்த மீனுக்குப் பெயர் இருக்க வேண்டும். அது எங்கே வாழ்கிறது, எத்தனை எஞ்சியிருக்கிறது என்ற கணக்கும் இருக்க வேண்டும். பெயரும் கணக்கும் இல்லாத உயிர் ஓசையின்றி மறைந்துவிடும். ஆகவே, வட சிலாங்கூரின் சிறு மீன்களை அறிவதும் பதிவு செய்வதும் அறிவியலாளர்களின் வேலை மட்டுமன்று. அவற்றின் அருகே வாழும் மக்களின் கடமையும் ஆகும்.

இந்த மீன்கள் வாழும் இடமே வியப்புக்குரியது. கோலசிலாங்கூருக்கு வடக்கே, தஞ்சோங் காராங் நெல் வயல்களுக்கும் உட்புறத் தோட்டங்களுக்கும் இடையே, 70,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட பரப்பில் ஒரு சதுப்புக்காடு பரந்து கிடக்கிறது. ராஜா மூசா, சுங்கை காராங் ஆகிய காப்புக்காடுகள் இதன் முதன்மைப் பகுதிகளாகும். இங்கு விழும் இலைகளும் கிளைகளும் நீரில் ஊறி, முழுமையாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. இவ்வாறு உருவான கருநிற மண்ணை மலாய்மொழியில் ‘தானா காம்புட்’ என்பர். இந்தக் கட்டுரையில் அது கரிச்சதுப்பு எனக் குறிக்கப்படுகிறது.

கரிச்சதுப்பில் ஓடும் நீர் பால் கலக்காத ‘தே ஓ’வின் நிறத்தில் இருக்கும். தேயிலையிலிருந்து சாயம் இறங்குவதுபோல், ஊறிய இலைகளிலிருந்தும் மரப்பட்டைகளிலிருந்தும் துவர்ப்புப் பொருள்கள் நீரில் இறங்குவதே அதற்குக் காரணம். இதனால்தான் அதனைக் கருநீர் என்கின்றனர். அந்த நீர் அழுக்கானதன்று. ஆனால் அமிலத்தன்மை மிகுந்தது. அமில கார அளவுகோலில் தூய நீரின் அளவு 7. கருநீரின் அளவோ 4 அல்லது அதற்கும் கீழே இறங்கக்கூடும். இந்த அளவுகோலில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். அப்படியானால், 4 என்பது தூய நீரைவிட ஆயிரம் மடங்கு அமிலமானது என்று பொருள். அத்துடன், கருநீரில் உயிர்வளியும் குறைவு.

இத்தகைய நீரில் மீன் வளம் பெரிதாக இருக்காது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1980களின் பிற்பகுதியிலிருந்து நடந்த ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் இங் முதலிய ஆய்வாளர்கள் வட சிலாங்கூர்ச் சதுப்புக்காட்டின் ஓடைகளிலும் கால்வாய்களிலும் வலையிட்டுத் தேடினர். நாற்பதுக்கும் மேற்பட்ட மீன் இனங்கள் அங்கே பதிவாயின. 1992-இல் பீட்டர் இங்கும் மொரிஸ் கொட்டெலாட்டும் அங்கிருந்து ஒரு புதிய சண்டைமீன் இனத்தை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினர். அதற்கு ‘பெட்டா லிவிடா’ எனப் பெயரிடப்பட்டது. அடுத்த ஆண்டே கெளுத்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீனும் அதே காட்டிலிருந்து புதிதாக விவரிக்கப்பட்டது. தோட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அறிவியல் அறியாத உயிர்கள் அதுவரை நீந்திக்கொண்டிருந்தன.

அண்டை நாட்டுக் கரிச்சதுப்பும் இதே பாடத்தைக் கற்பித்தது. 2006-இல் சுமத்ராவின் கருநீரிலிருந்து ஒரு மீன் இனம் விவரிக்கப்பட்டது. அதன் முதிர்ந்த பெண்மீன் ஒன்றின் நீளம் 7.9 மில்லிமீட்டர் மட்டுமே. அப்போது உலகின் மிகச் சிறிய மீன் என்று அது பேசப்பட்டது. மனிதர் பயனற்ற சேறு என்று ஒதுக்கிய இடத்தில்தான் இந்த வியப்பு ஒளிந்திருந்தது.

பெட்டா லிவிடா, ஆள்காட்டி விரலைவிடவும் குட்டையானது. அடர்சிவப்பு கலந்த கருமை நிற உடலும், விலாவில் பச்சையாக மின்னும் ஒரு புள்ளியும் அதன் அடையாளங்கள். நீரில் உயிர்வளி குறைந்தால், நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றை நேரடியாக உட்கொள்ளும் உறுப்பு அதன் தலைப்பகுதியில் உண்டு. ஆண்மீன் நுரைக்கூடு கட்டி, முட்டைகளைக் காவல் காக்கும். அமில நீர், மரநிழல், மெதுவான நீரோட்டம், உதிர்ந்த இலைகளின் மறைவு ஆகியவற்றுக்கு ஏற்ப அதன் வாழ்க்கை அமைந்துவிட்டது. அதன் வலிமையும் இதுவே. அதன் நலிவும் இதுவே. விராலோ திலாப்பியாவோ வேறு ஓடைக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளும். கருநீர் மீனுக்குப் போக்கிடம் இல்லை.

அந்த ஒரே வீடும் இன்று சுருங்கி வருகிறது. மரம் வெட்டிய காலத்தில், வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு வெளியே கொண்டுவருவதற்காகக் காட்டுக்குள் நீண்ட கால்வாய்கள் தோண்டப்பட்டன. மரம் வெட்டுவது நின்ற பின்னும் கால்வாய்கள் நிற்கவில்லை. காட்டின் நீரை இரவும் பகலும் வெளியே வடித்துக்கொண்டே இருக்கின்றன. நீர் வடிந்த கரிச்சதுப்பு காய்ந்து, தாழ்ந்து, எளிதில் தீப்பற்றும் விறகாக மாறுகிறது. தீ மண்ணுக்குள்ளேயே நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். அத்துமீறிக் காட்டை அழித்துப் பயிரிடுவோராலும் சேதம் கூடியது. அழகுக்காகக் காட்டுச் சண்டைமீன்களைப் பிடித்து விற்பதும் ஓர் அச்சுறுத்தலே. இக்காரணங்களால், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் பெட்டா லிவிடா அருகிவரும் இனமாக இடம்பெற்றுள்ளது.

சிவப்புப் பட்டியலில் இடம்பெறுவதால் மட்டும் ஒரு மீன் பிழைத்துவிடாது என்பது உண்மையே. எனினும், பாதுகாப்புக்கான முதற்படி அதுதான். தமிழ்நாட்டின் அனுபவம் இதனை விளக்கும். காவிரியிலும் அந்த ஆற்றுத் தொகுதியைச் சேர்ந்த மோயாற்றிலும் திமில் மகசீர் எனும் பெரிய ஆற்றுமீன் வாழ்கிறது. தூண்டில் போடுவோரிடையே அது நூறாண்டுகளுக்கு மேலாகப் புகழ்பெற்றது. ஆயினும், அதன் சரியான அறிவியல் பெயர் எது என்பது 2018-ஆம் ஆண்டில்தான் உறுதிசெய்யப்பட்டது. அதன் பிறகே, மிக அருகிவரும் இனம் என்று சிவப்புப் பட்டியலில் அதனைச் சேர்க்க முடிந்தது. அத்தனை பெரிய மீனுக்கே இந்த நிலை என்றால், விரல் நீள மீனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மீனைப் பற்றிய ஆய்வு ஓர் ஆற்றின் தலையெழுத்தையே மாற்றும் என்பதற்கு வட அமெரிக்காவின் சால்மன் மீன் சான்றாகும். சால்மன் மலையோடையில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஓடைக்கே திரும்புகிறது. அந்த ஓடையின் மணத்தை நினைவில் வைத்தே அது வழி கண்டுபிடிக்கிறது என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆர்தர் ஹாஸ்லரும் அவர் குழுவினரும் பல்லாண்டு ஆய்வுகளால் நிறுவினர். முட்டையிட்டு மடியும் பசிபிக் சால்மன்களின் உடல், கடலின் சத்துகளை ஆற்றங்கரை மரங்களுக்கும் கொண்டு சேர்க்கிறது. ஆகவே, அணை கட்டி மீனைத் தடுத்தால் காடும் சத்தை இழக்கும் என்பது புலனாயிற்று.

அமெரிக்காவின் கிளமத் ஆற்றில் இருபதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அணைகள் சால்மனின் வழியை அடைத்தன. 2002-இல் பல்லாயிரக்கணக்கான சால்மன்கள் அந்த ஆற்றில் செத்து மிதந்தன. ஆற்றங்கரைப் பூர்வகுடி மக்கள் குரலெழுப்பினர். ஆய்வாளர்கள் சான்றுகளைத் திரட்டினர். பல்லாண்டு முயற்சிக்குப் பின், 2024-இல் அந்த ஆற்றின் நான்கு அணைகள் முழுமையாக அகற்றப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில், அணைகள் இருந்த இடத்தைக் கடந்து சால்மன்கள் மேலேறி வந்தன. மீனை எண்ணி வைத்தவர்கள் இல்லாதிருந்தால், மீன் குறைந்தது என்று மெய்ப்பிக்கவும் ஆள் இருந்திருக்காது.

மலேசியாவிலும் பெரிய மீனுக்கு ஆதரவு கிடைக்காமல் இல்லை. சிலாங்கூர் ஆறு தோன்றும் மலைப்பகுதியில், கோல குபு பாருவுக்கு அருகே, சுங்கை சிலிங் மீன் சரணாலயம் அமைந்துள்ளது. அங்கே கெலா மீன் பாதுகாக்கப்படுகிறது. கெலா பெரியது, அழகியது, விலை உயர்ந்தது. எனவே, அதனைக் காக்க வேண்டும் என்பதை எவரும் எளிதில் ஏற்பர். அதே மாநிலத்தின் சமவெளியில், சேற்று நிறக் கால்வாயின் ஓரத்தில் வாழும் சிறு மீனுக்கு அத்தகைய ஆதரவாளர்கள் குறைவு.

சிறு மீனுக்காக இத்தனை அக்கறை தேவையா என்று சிலர் கேட்கலாம். தோட்டத்துக்கு வடிகால் வேண்டும். நீர் தேங்கினால் செம்பனையின் வேர் அழுகும். விளைச்சல் குறைந்தால் தொழிலாளியின் வருமானமும் குறையும். பல இந்தியக் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது ரப்பரும் செம்பனையும்தான், மீன் அன்று. இந்த வாதத்தைப் புறந்தள்ள இயலாது. வயிற்றுப்பாட்டைப் பேசாத இயற்கைப் பாதுகாப்பு நிலைத்து நிற்காது.

ஆனால், மீனுக்கு நல்லது விளைச்சலுக்குக் கெடுதல் என்று முடிவு கட்டுவது சரியன்று. கரிச்சதுப்பில் நீரை அளவுக்கு மீறி வடித்தால் நிலமே ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டு போகும். மண் தாழத் தாழச் செம்பனையின் வேர் வெளியே தெரியும், மரம் சாயும். பிறகு வெள்ளமும் எளிதில் புகும். எனவேதான் கால்வாய்களில் சிறு தடுப்புகள் அமைத்து, நீர்மட்டத்தை ஓரளவு உயர்த்தி வைப்பதே நல்ல தோட்ட நிர்வாகம் என்று செம்பனைத் துறையின் வழிகாட்டிகளே அறிவுறுத்துகின்றன. ஈரமான கரிச்சதுப்பு தீயையும் தடுக்கும். தீ இல்லையேல் அந்த வட்டாரப் பள்ளிகளைச் சூழும் புகைமூட்டமும் குறையும். தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல் வயல்களுக்கு அருகே, மழைநீரை உறிஞ்சி மெதுவாக வெளியிடும் பஞ்சாகவும் இந்தக் காடு திகழ்கிறது. மீனுக்குத் தேவையான நீர்மட்டமும் மனிதருக்குத் தேவையான நீர்மட்டமும் பெரும்பாலும் ஒரே திசையில்தான் உள்ளன.

நீர் கெட்டால் முதலில் துன்பப்படுவது மீன். அடுத்த முறை மனிதருடையது. செப்டம்பர் 2020-இல் சிலாங்கூர் ஆற்று நீரில் துர்நாற்ற மாசு கலந்தபோது, நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் வணிகங்களும் தண்ணீரின்றித் தவித்தன. ஆற்றில் என்ன நிகழ்கிறது என்பதைக் குழாயில் நீர் நின்ற பின்னர் அறிவதைவிட, ஓடையில் மீன் குறையும்போதே அறிவது மேலன்றோ?

சட்டமும் மக்கள் முயற்சியும் பலன் தரும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. ஒரு காலத்தில் செம்பனை ஆலைகளின் கழிவுநீர் நேராக ஆறுகளில் கலந்தது. அந்தக் கழிவு நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுவதால் மீன்கள் மூச்சுமுட்டி மடிந்தன. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1977-இல் செம்பனை ஆலைகளுக்கான விதிமுறைகள் வகுக்கப்பட்டன. கழிவுநீரைச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்ற வேண்டும் என்ற கட்டாயம் ஏற்பட்டது. அதன் பிறகு ஆலைகளும் இயங்கின. செம்பனைத் தொழிலும் வளர்ந்தது.

ராஜா மூசா காப்புக்காட்டில் 2008-இல் மறுசீரமைப்புப் பணி தொடங்கியது. சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் வட்டார மக்களோடு கைகோத்தன. பழைய கால்வாய்கள் அடைக்கப்பட்டன. எரிந்துபோன நிலத்தில் மாஹாங் மரக்கன்றுகள் நடப்பட்டன. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் அதில் பங்கேற்றனர். தென் சிலாங்கூரிலும் மக்கள் குரல் வென்றது. அங்குள்ள வட கோல லங்காட் காப்புக்காட்டின் ஒரு பகுதி, மேம்பாட்டுக்காகக் காப்புக்காடு என்ற தகுதியை இழந்தது. பூர்வகுடி மக்களும் இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்ததைத் தொடர்ந்து, செப்டம்பர் 2021-இல் மாநில அரசு அம்முடிவை மீட்டுக்கொண்டது.

இவற்றில் பள்ளி மாணவர்களுக்கும் இடமுண்டு. கோலசிலாங்கூர் வட்டாரப் பள்ளிகள் தத்தம் அருகிலுள்ள ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியரின் துணையோடும் உரிய அனுமதியோடும் மாதம் ஒருமுறை கவனித்து வரலாம். நீரின் நிறம், வெப்பநிலை, ஆழம், தாளைக் கொண்டு அளந்த அமிலத்தன்மை, கண்ணில் பட்ட மீன்கள் ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். மீனைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. நிழற்படம் எடுத்தாலே போதும். தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன வெளிநாட்டு மீன்களை ஓடையில் கொட்டுவதையும் தவிர்க்க வேண்டும்; அவை உள்ளூர் மீன்களின் இடத்தைப் பறித்துக்கொள்ளும். ஒரு மாதக் குறிப்பு பெரிதாக எதையும் சொல்லாது. ஐந்தாண்டுக் குறிப்பு ஓர் ஓடையின் வரலாறாகும்.

அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கங்களை எழுத வேண்டியவர்கள் தாத்தா பாட்டிகளே. எந்தக் கால்வாயில் எந்த மீன் இருந்தது, எப்போது அது காணாமற்போனது, அதற்குத் தமிழிலும் மலாயிலும் என்ன பெயர் என்பதை அவர்கள் அறிவார்கள். தோட்டக் குடும்பங்கள் பல பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அவர்களோடு அந்த அறிவும் இடம்பெயர்ந்து, மெல்ல மறைந்து வருகிறது. எந்த ஆய்வகத்திலும் கிடைக்காத சான்று அது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது பழமொழி. ஆனால், பெட்டா லிவிடா எதற்கு உதவும் என்ற கேள்வியோடு மட்டும் அதனை அணுக வேண்டியதில்லை. அது சிலாங்கூரின் மண்ணும் மழையும் மரமும் சேர்ந்து உருவாக்கிய உயிர். அந்த நீர் வற்றினால் அதனை வேறெங்கிருந்தும் திரும்பக் கொண்டுவர இயலாது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் தாத்தாவின் கதையில் மட்டுமன்றி, கால்வாயின் ஓரத்திலும் அந்தச் சிவப்பு மீனைக் காணவேண்டும். அதற்கு இன்றைய மாணவர்கள் செய்யக்கூடிய முதல் வேலை எளியது: ஓடையருகே நின்று, நீரைக் கவனித்துப் பார்த்து, கண்டதை எழுதி வைப்பது.